ஸ்டோரேஜ் நெட்வொர்க் போட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேட்டா சென்டரில் சர்வருக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் எந்தக் கேபிள் ஓட வேண்டும் என்ற போட்டி 25 வருடங்களுக்கும் மேலாக நடக்கிறது. ஃபைபர் சேனல், ஐஸ்கஸி, இன்ஃபினிபேண்ட், எஃப்சிஓஇ, இப்போது என்விஎம்இ. ஒவ்வொன்றின் பின்னாலும் பெரிய நிறுவனங்களும் பெரிய பணமும் இருந்தன. இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களும் ஸ்டோரேஜ் வாங்கும் பொறுப்பில் இருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தப் போட்டியில் வேகத்தை மட்டும் வைத்து யாரும் ஜெயித்ததில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதைக் குறைவாகக் கலைக்கச் சொன்னவர்கள்தான் ஜெயித்தார்கள்.

ஸ்டோரேஜுக்கு எதற்குத் தனி நெட்வொர்க்? இருக்கிற நெட்வொர்க் போதாதா?

டிஸ்க்கை சர்வருக்குள்ளேயே வைத்தால், சர்வர் படுத்தால் டேட்டாவும் கைக்கு எட்டாது. ஒரு சர்வரில் பாதி இடம் சும்மா கிடக்கும், பக்கத்து சர்வரில் இடம் போதாமல் திணறுவார்கள். அதனால் டிஸ்க்குகளை ஒரு பெரிய பெட்டியில் சேர்த்து வைத்து, எல்லா சர்வர்களும் நெட்வொர்க் வழியே அதை எட்டும்படி செய்தார்கள். அந்தப் பெட்டியை அர்ரே என்கிறோம், நெட்வொர்க்கை சான் என்கிறோம்.

சிக்கல் நெரிசலில் வருகிறது. அலுவலகங்களில் ஓடும் சாதாரண ஈதர்நெட்டில் நெரிசல் முற்றினால் ஸ்விட்ச் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடும், இரு முனைகளிலும் ஓடும் டிசிபி என்ற முறை அதைத் திரும்ப அனுப்பிக்கொள்ளும். ஒரு வெப் பக்கம் அரை நொடி தாமதமாகத் திறந்தால் யாரும் கவலைப்படுவதில்லை. டிஸ்க்கிடம் படி, எழுது என்று சொல்லும் ஸ்கஸி கட்டளைகளோ, கம்ப்யூட்டருக்கும் டிஸ்க்குக்கும் நடுவே ஒரு குட்டைக் கேபிள் மட்டும் இருந்த காலத்தில் எழுதப்பட்டவை. வழியில் ஏதாவது தொலைந்து போகும் என்ற எண்ணமே அவற்றில் கிடையாது. பதில் வராமல் நேரம் கடந்தால், டிஸ்க்கே போய்விட்டது என்று ஆபரேட்டிங் சிஸ்டம் முடிவு கட்டிவிடும். லினக்ஸில் ஃபைல் சிஸ்டம் ரீட்-ஒன்லி ஆகும், அப்புறம் டேட்டாபேஸ் நிற்கும்.

ஃபைபர் சேனல் எப்படி முதலிடத்துக்கு வந்தது?

பாக்கெட் தொலையாத நெட்வொர்க்கை முதலில் ஒழுங்காகச் செய்து காட்டியது அதுதான். முதல் ஆன்சி (அமெரிக்கத் தர அமைப்பு) தரம் 1994-இல் வந்தது. இரு முனைகளும் இணையும்போது, "என்னிடம் இத்தனை பஃபர் (வருவதை வைக்கும் இடம்) காலியாக இருக்கிறது" என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும். அந்த எண்ணிக்கைக்குக் கிரெடிட் என்று பெயர். ஒரு ஃப்ரேம் (டேட்டா பொட்டலம்) போனால் கிரெடிட்டில் ஒன்று குறையும். எதிர்முனை அந்த பஃபரைக் காலி செய்து தகவல் சொன்னால் ஒன்று கூடும். கிரெடிட் பூஜ்யம் ஆகிவிட்டால் அனுப்புகிறவர் காத்திருக்க வேண்டும், ஃப்ரேமைத் தூக்கிப் போடுவது கிடையாது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. சான் பார்த்துக்கொள்ளும் யாரிடம் கேட்டாலும் 'ஸ்லோ டிரெய்ன்' என்று பெருமூச்சு விடுவார்கள். ஒரு பழைய பேக்கப் சர்வர், வந்த டேட்டாவை மெதுவாக எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் போர்ட்டில் கிரெடிட் தீரும். அதற்குப் போக வேண்டிய ஃப்ரேம்கள் ஸ்விட்ச்சில் தேங்கும். தேக்கம் பின்னோக்கி நகர்ந்து ஸ்விட்ச்சுகளுக்கு நடுவிலான லிங்க்கை அடைக்கும். அதே லிங்க்கில் போகிற, எந்தத் தப்பும் செய்யாத டேட்டாபேஸ் சர்வரும் மெதுவாகிவிடும். புகார் டேட்டாபேஸ் ஆட்களிடமிருந்து வரும், காரணம் வேறு ரேக்கில் உட்கார்ந்திருக்கும். கிரெடிட் பூஜ்யத்தில் நின்ற நேரத்தை ஸ்விட்ச் போர்ட் வாரியாகக் கணக்கு வைத்திருக்கும். முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கணக்கைத்தான்.

இன்னொரு பலம், சர்வரைச் செருகியதும் அது ஸ்விட்ச்சில் தன்னைப் பதிவு செய்துகொள்ளும். ஒவ்வொரு போர்ட்டுக்கும் 16 ஹெக்ஸ் இலக்கங்கள் கொண்ட டபிள்யூடபிள்யூஎன் என்ற முகவரி உண்டு. எந்த சர்வர் எந்த அர்ரேவைப் பார்க்கலாம் என்பதை ஸோனிங் வழியே ஸ்விட்ச்சிலேயே எழுதிவிடலாம். சர்வர் பக்கம் எதையும் டைப் செய்ய வேண்டாம். இது சின்ன விஷயமாகத் தெரியலாம், ஆனால் ஃபிளாஷுக்கான புதிய முறையை சாதாரண நெட்வொர்க்கில் ஓட்டும் என்விஎம்இ-டிசிபிக்காரர்கள் இன்றைக்கும் எட்டிப் பிடிக்கப் பாடுபடுவது இதைத்தான்.

ஃபைபர் சேனல் விற்ற அந்த நிறுவனங்கள் எல்லாம் எங்கே போயின?

ஒன்றை ஒன்று விழுங்கின. இந்தத் துறையின் உண்மையான கதை இங்கேதான் இருக்கிறது.

ப்ரோகேட் 1995-இல் தொடங்கியது. தொடங்கியவர்களில் ஒருவர், மைசூரில் பொறியியல் படித்த குமார் மளவள்ளி. அவர் ஃபைபர் சேனல் தரத்தை உருவாக்குவதிலேயே முன்னணியில் இருந்தவர். 1997-இல் சில்க்வார்ம் ஸ்விட்ச் வந்தது, 1999-இல் பங்குச் சந்தைக்குப் போனார்கள். அந்த நாளில் எதிரே நிறையப் பேர் இருந்தார்கள். ஆங்கரை 2000-இல், சர்வர் கார்டு செய்யும் க்யூலாஜிக் வாங்கியது. கேட்ஸூக்ஸ் 2002-இல் திவால் மனு போட்டது, மிஞ்சியதைப் பிராட்காம் எடுத்துக்கொண்டது. விக்ஸலை 2003-இல் இன்னொரு கார்டு நிறுவனமான எமுலெக்ஸ் வாங்கியது. பெரிய டைரக்டர் ஸ்விட்ச்சுகளில் கொடிகட்டிப் பறந்தது மெக்டேட்டா. அது ஸ்டோரேஜ் அர்ரே விற்ற இஎம்சியிலிருந்து பிரிந்து வந்த நிறுவனம். 2003-இல் சிஎன்டி இன்ரேஞ்சை வாங்கியது, 2005-இல் மெக்டேட்டா சிஎன்டியை வாங்கியது, 2007 ஜனவரியில் ப்ரோகேட் மெக்டேட்டாவையே விழுங்கியது. 2006-இல் அறிவித்தபோது அந்த டீலின் மதிப்பு சுமார் 71 கோடி டாலர்.

இந்த விழுங்கல்களில் அடிபட்டவர்கள் வாடிக்கையாளர்கள். ப்ரோகேட் ஸ்விட்ச்சும் மெக்டேட்டா ஸ்விட்ச்சும் தரப்படி பேசிக்கொள்ள வேண்டியவைதான். நடைமுறையில் இரண்டையும் ஒரே ஃபேப்ரிக்கில் (ஸ்விட்ச்சுகள் சேர்ந்த வலை) சேர்க்க 'இன்டர்ஆப்' மோடுக்கு மாற்ற வேண்டும், மாற்றினால் தனித்தனி வசதிகள் பலவும் போய்விடும். ஆக, ஒரு கம்பெனி ஸ்விட்ச்சை வாங்கினால் அதோடுதான் குடித்தனம். அந்தக் கம்பெனி விற்கப்பட்டால், ஓடுகிற ஃபேப்ரிக்கை இன்னொரு கம்பெனியின் கால அட்டவணைப்படி மாற்ற வேண்டியிருந்தது.

எதிர்ப்பக்கம் சிஸ்கோ. ஆண்டியாமோ என்ற நிறுவனத்துக்குத் தானே பணம் கொடுத்து வளர்த்து, பிறகு தன்னோடு சேர்த்துக்கொண்டது. அங்கிருந்து 2002-இல் வந்ததுதான் எம்டிஎஸ் 9000. ஒரே ஸ்விட்ச்சைப் பல தனித்தனி சான்களாகப் பிரிக்கும் விசான் அதன் வழியே வந்து, பின்னால் தரத்திலும் ஏறியது.

கடைசியில் 2017 நவம்பரில் பிராட்காம் ப்ரோகேட்டை சுமார் 550 கோடி டாலருக்கு வாங்கியது. ஃபைபர் சேனலை வைத்துக்கொண்டு, மற்ற நெட்வொர்க் பிரிவுகளைத் தள்ளிவிட்டது. டேட்டா சென்டர் ஈதர்நெட் எக்ஸ்ட்ரீம் கைக்கும், ரக்கஸ் வைஃபை ஆரிஸ் கைக்கும் போயின. வளராத சந்தை, ஆனால் லாபம் கொட்டுகிற சந்தை என்று கணக்குப் போட்டுத்தான் அதை வைத்துக்கொண்டார்கள்.

ஐஸ்கஸி வந்ததும் ஃபைபர் சேனல் போய்விடும் என்றார்களே?

2001 வாக்கில் அப்படித்தான் பேசினார்கள். ஸ்கஸி கட்டளைகளை டிசிபி மேல் ஏற்றி, சாதாரண ஈதர்நெட்டிலேயே அனுப்பிவிடலாம் என்பது யோசனை. ஐபிஎம்மின் ஹைஃபா ஆய்வகமும் சிஸ்கோவும் முன்னால் நின்றன. சிஸ்கோ 2001-லேயே எஸ்என் 5420 என்ற ஐஸ்கஸி ரவுட்டரை விற்கத் தொடங்கியது. தரமோ ஆர்எஃப்சி 3720 என்று 2004 ஏப்ரலில்தான் வெளிவந்தது.

ஆரம்பத்தில் எல்லோரும் இதற்கென்று சிறப்பு கார்டு வேண்டும் என்றார்கள். டிசிபி வேலையை சிபியு செய்தால் சர்வர் திணறும், அதைக் கார்டே செய்யட்டும் என்பது வாதம். அந்தக் கார்டுகளை நம்பிப் பணம் போட்டவர்கள் பலர். 2003-இல் மைக்ரோசாஃப்ட், அதே வேலையை சர்வரிலேயே செய்யும் மென்பொருளான தன் ஐஸ்கஸி இனிஷியேட்டரை இலவசமாகக் கொடுத்தது. சிபியுக்களும் வருடத்துக்கு வருடம் வேகமாகிக்கொண்டே போனதால், பெரும்பாலானவர்களுக்குச் சிறப்பு கார்டு தேவையில்லாமல் போனது. மதர்போர்டில் இருக்கிற ஈதர்நெட் போர்ட்டே போதும் என்றானது.

அப்புறம் விஎம்வேர், ஒரே சர்வரில் பல விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருள். ஓடுகிற விர்ச்சுவல் மெஷினை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்த, அன்றைக்குப் பொதுவான ஸ்டோரேஜ் கட்டாயம் வேண்டும். 2006-இல் வந்த பதிப்பில் ஐஸ்கஸி ஆதரவு சேர்ந்ததும், பத்து சர்வர்கூட இல்லாத சின்ன அலுவலகங்களுக்கும் சான் தேவைப்பட்டது. அவர்கள் ஃபைபர் சேனல் ஸ்விட்ச் வாங்கப் போவதில்லை. அந்த இடத்தைப் பிடித்தது ஈக்வல்லாஜிக். மென்பொருள் வசதிகளுக்குத் தனித்தனி லைசென்ஸ் கேட்காமல் பெட்டியோடு சேர்த்துக் கொடுத்தார்கள். பங்குச் சந்தைக்குப் போகத் தயாராக இருந்தவர்களை, 2007 நவம்பரில் டெல் 140 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. மறுவருடம் ஹெச்பி 36 கோடி டாலருக்கு லெஃப்ட்ஹேண்டை எடுத்தது.

ஃபைபர் சேனல் போனதா? இல்லை. வங்கிகளும் டெலிகாம் நிறுவனங்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஐஸ்கஸி, அதுவரை சானே இல்லாதவர்களிடம் ஜெயித்தது.

ஐஎஃப்சிபி, எஃப்சிஐபி, ஏஓஇ எல்லாம் என்ன?

எஃப்சிஐபி என்பது இரு நகரங்களின் சான்களை ஐபி லிங்க் வழியே இணைக்கும் சுரங்கம். பேரிடர் மையத்துக்கு டேட்டா நகலெடுக்க இன்னும் பயன்படுகிறது. ஃபைபர் சேனல் சாதனங்களை ஐபி நெட்வொர்க் வழியே இணைக்கும் ஐஎஃப்சிபி, நிஷான் நிறுவனத்தின் குழந்தை. நிஷானை 2003-இல் மெக்டேட்டா வாங்கியது, அதோடு அந்தக் கதையும் அடங்கியது. ஏஓஇ, டிசிபியே வேண்டாம் என்று ஈதர்நெட் ஃப்ரேமிலேயே டிஸ்க் கட்டளைகளை வைத்தது. மிக எளிமையான தரம். ஆனால் ரவுட்டரைத் தாண்டாது, பின்னால் நின்றது கோராயிட் என்ற ஒரே நிறுவனம்தான். அது 2015-இல் மூடியது.

இன்ஃபினிபேண்ட் ஸ்டோரேஜில் ஏன் ஜெயிக்கவில்லை?

1999-இல் இரண்டு கூட்டணிகள் இருந்தன. இன்டெல் தரப்பு ஒன்று, ஐபிஎம், காம்பேக், ஹெச்பி தரப்பு ஒன்று. இரண்டும் சேர்ந்து இன்ஃபினிபேண்ட் ஆனது. சர்வருக்குள் கார்டுகளை இணைக்கும் பிசிஐ பஸ், வெளியே இருக்கிற ஈதர்நெட், ஃபைபர் சேனல் மூன்றையும் ஒரே கேபிளால் மாற்றிவிடலாம் என்பது கனவு. டாட்காம் சரிவுக்குப் பிறகு, 2002-இல் இன்டெல் அதற்கான சிப் செய்வதை நிறுத்தியது. மைக்ரோசாஃப்டும் பின்வாங்கியது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றச் சொன்னதுதான் பெரிய தடை.

இஸ்ரேலின் மெலனாக்ஸ் மட்டும் விடவில்லை. சூப்பர் கம்ப்யூட்டர்களில் ஆயிரக்கணக்கான சர்வர்கள் ஒன்றோடொன்று பேச வேண்டும், அங்கே ஒரு மைக்ரோ வினாடிகூடக் கணக்கில் வரும். அந்தச் சந்தையில் வேரூன்றியது. போட்டியாளர்களில் டாப்ஸ்பினை 2005-இல் சிஸ்கோ வாங்கிச் சில வருடங்களில் கைவிட்டது. வோல்டேரை மெலனாக்ஸே வாங்கியது. க்யூலாஜிக்கின் இன்ஃபினிபேண்ட் பிரிவை 2012-இல் இன்டெல் வாங்கி, ஆம்னி-பாத் என்று மாற்றி, பிறகு அதையும் விட்டது. அது இன்று கார்னெலிஸ் என்ற தனி நிறுவனம். மெலனாக்ஸை 2020 ஏப்ரலில் சுமார் 700 கோடி டாலருக்கு என்விடியா வாங்கி முடித்தது. ஏஐ அலை வந்தபோது, ஜிபியுக்களை இணைக்கும் நெட்வொர்க் என்விடியா கையில் தயாராக இருந்தது.

எஃப்சிஓஇ பற்றி அவ்வளவு ஆரவாரம் இருந்ததே, என்ன ஆயிற்று?

என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையில் அதிகம் படிக்க வேண்டிய தோல்வி இதுதான். காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது. ஒவ்வொரு சர்வருக்கும் இரண்டு ஈதர்நெட் கேபிள், இரண்டு ஃபைபர் சேனல் கேபிள் ஓடுகிறது. 10 ஜிகாபிட் ஈதர்நெட் வந்துவிட்டது. ஃபைபர் சேனல் ஃப்ரேமை ஈதர்நெட் ஃப்ரேமுக்குள் வைத்து அனுப்பினால் பாதி கேபிள், பாதி கார்டு மிச்சம். சிஸ்கோ தான் வளர்த்த நுவோவாவைச் சேர்த்துக்கொண்டு 2008-இல் நெக்ஸஸ் 5000-ஐ இறக்கியது. 2009-இல் தரம் தயார். ப்ரோகேட், எமுலெக்ஸ், க்யூலாஜிக், நெட்ஆப் எல்லோரும் வரிசையில் நின்றார்கள்.

முதல் தடை, ஈதர்நெட் பாக்கெட்டைத் தூக்கிப் போடும் என்பது. அதைப் போடாத ஈதர்நெட்டாக மாற்ற, ஒவ்வொரு வகை டிராஃபிக்கையும் தனியாக நிறுத்தச் சொல்லும் பிஎஃப்சி, அலைவரிசையைப் பங்கிடும் இடிஎஸ் போன்ற புதிய தரங்கள் தேவைப்பட்டன. ஃபைபர் சேனல் ஃப்ரேம் 2 கேபிக்கு மேல் வரும், சாதாரண ஈதர்நெட்டின் 1500 பைட்டுக்குள் அடங்காது. வழியில் இருக்கிற ஒவ்வொரு ஸ்விட்ச்சும் இவற்றையெல்லாம் ஆதரிக்க வேண்டும். "உங்கள் ஈதர்நெட்டிலேயே ஓடும்" என்று விற்றார்கள். உண்மையில் புது ஈதர்நெட் வாங்க வேண்டியிருந்தது.

அதைவிடப் பெரிய தடை மனிதர்கள். ஸ்டோரேஜ் டீம் எப்போதும் ஏ, பி என்று இரண்டு ஃபேப்ரிக் வைத்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஒயர்கூட இருக்காது. ஒன்றில் வேலை பார்க்கும்போது மற்றதைத் தொடவே மாட்டார்கள். நெட்வொர்க் டீமின் பழக்கம் வேறு. எல்லா ஸ்விட்ச்சும் ஒன்றோடொன்று இணைந்திருக்கும், வெள்ளிக்கிழமை இரவு ஃபர்ம்வேர் ஏற்றி ரீபூட் செய்வார்கள், இரண்டு நிமிடம் நெட்வொர்க் இல்லாவிட்டால் பெரிய பிரச்சினை இல்லை. இப்போது இரண்டும் ஒரே பெட்டியில். அந்தப் பெட்டியின் பாஸ்வேர்டு யார் கையில்? ரீபூட்டுக்கு யார் கையெழுத்து? அந்த இரண்டு நிமிடத்தில் டேட்டாபேஸ் நின்றால் யார் பதில் சொல்வது? பல இடங்களில் இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைக்காமலே திட்டம் கோப்பில் தங்கிவிட்டது.

2011-இல் 16 ஜிகாபிட் ஃபைபர் சேனல் வந்தது. மலிவாக வேண்டும் என்றவர்களுக்கு ஐஸ்கஸி எப்போதோ தயாராக இருந்தது. நடுவில் எஃப்சிஓஇக்கு இடம் இல்லாமல் போனது. ஒரு இடத்தில் மட்டும் நிலைத்தது: சிஸ்கோ யுசிஎஸ் போன்ற பிளேடு சர்வர்களுக்கும் அவற்றின் மேலே இருக்கும் இன்டர்கனெக்ட் பெட்டிக்கும் நடுவில். அங்கே இரு முனையும் ஒரே நிறுவனத்துடையது, வேறு யாரையும் சம்மதிக்க வைக்க வேண்டியதில்லை.

எமுலெக்ஸை பிராட்காம் வாங்கப் பார்த்த கதை என்ன?

எஃப்சிஓஇ ஆரவாரத்தின் உச்சத்தில், 2009 ஏப்ரலில், அன்றைய பிராட்காம் எமுலெக்ஸைப் பங்குக்கு 9.25 டாலர் கொடுத்து வாங்குகிறோம் என்று அழையா விருந்தாளியாக வந்தது. ஈதர்நெட் சிப் தன்னிடம், ஃபைபர் சேனல் மென்பொருள் எமுலெக்ஸிடம், சேர்ந்தால் புதிய சந்தை தன்னுடையது என்ற கணக்கு. எமுலெக்ஸ் மறுத்தது. 11 டாலராக ஏற்றியும் மறுத்தது, பிராட்காம் விலகியது. 2015-இல் அவாகோ அதே எமுலெக்ஸைப் பங்குக்கு 8 டாலருக்கு வாங்கியது. 2016-இல் அவாகோ பிராட்காமையே வாங்கி அந்தப் பெயரையும் தனக்குச் சூட்டிக்கொண்டது. போட்டிக்கார க்யூலாஜிக் 2016-இல் கேவியம் என்ற நிறுவனத்திடமும், கேவியம் 2018-இல் மார்வெல்லிடமும் போயின. ஆக, இன்று ஃபைபர் சேனல் கார்டு வேண்டும் என்றால் பெரும்பாலும் பிராட்காமின் எமுலெக்ஸ், மார்வெல்லின் க்யூலாஜிக் இரண்டில் ஒன்றுதான்.

என்விஎம்இ எதை மாற்றியது?

தாமதம் எங்கே இருக்கிறது என்பதை மாற்றியது. நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும் டிஸ்க்கில், வேண்டிய இடம் ஊசிக்குக் கீழே வருவதற்கே சராசரியாக 4 மில்லி வினாடிக்கு மேல் ஆகும். நெட்வொர்க்கில் நூறு மைக்ரோ வினாடி கூடினால் யார் கவனிக்கப் போகிறார்கள்? ஃபிளாஷில் படிக்கும் நேரமே நூறு மைக்ரோ வினாடி அளவுதான். இப்போது நெட்வொர்க்கும் பழைய கட்டளை அடுக்கும்தான் பெரிய சுமை.

சர்வர் தன் டிஸ்க்குக்குக் கட்டளை அனுப்பும் பழைய ஏஹெச்சிஐ முறையில் ஒரே வரிசை, அதில் 32 கட்டளைகள். ஃபிளாஷுக்கென்று எழுதப்பட்டு 2011-இல் வந்த என்விஎம்இயில் 64 ஆயிரம் வரிசைகள் வரை, ஒவ்வொன்றிலும் 64 ஆயிரம் கட்டளைகள் வரை வைக்கலாம். ஒவ்வொரு சிபியு கோருக்கும் தனி வரிசை கொடுத்துவிட்டால் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்க வேண்டாம். 2016-இல் இதையே நெட்வொர்க் வழியே அனுப்பும் தரம் வந்தது.

நெட்வொர்க்கில் என்விஎம்இ என்றால் அதிலும் பல வகை சொல்கிறார்களே?

ஆமாம், பழைய சண்டை புதுப் பெயரில் தொடர்கிறது.

ஆர்டிஎம்ஏ வழியில், ஒரு சர்வரின் மெமரியிலிருந்து இன்னொன்றின் மெமரிக்கு சிபியுவைத் தொந்தரவு செய்யாமல் கார்டே டேட்டாவைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதை ஈதர்நெட்டில் செய்ய இரண்டு கட்சிகள். மெலனாக்ஸ் முன்னெடுத்த ராக்கி, செல்சியோவும் இன்டெல்லும் ஆதரித்த ஐவார்ப். ஐவார்ப் டிசிபி மேல் ஓடும், ஸ்விட்ச்சைத் தொட வேண்டாம். ராக்கி வேகமானது, ஆனால் நெரிசலைக் கட்டுப்படுத்த ஸ்விட்ச்சுகளைக் கவனமாகச் செட் செய்ய வேண்டும். 'கலைக்காதவர் ஜெயிப்பார்' என்ற என் கணக்குக்கு இது விதிவிலக்கு: ராக்கிதான் முன்னால் போனது. காரணம், அதை வாங்கியவர்கள் மைக்ரோசாஃப்ட் அஸூர் போன்ற ராட்சதர்கள். ஸ்விட்ச், சர்வர், மென்பொருள் எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அமேசான் இரண்டையும் விட்டு எஸ்ஆர்டி என்று தனக்கென்று ஒன்றை எழுதிக்கொண்டது.

டிசிபி வழி 2018 நவம்பரில் தரமானது. லைட்பிட்ஸ், ஃபேஸ்புக், இன்டெல் போன்றவர்கள் சேர்ந்து செய்தது. 2019-இல் வந்த லினக்ஸ் 5.0-இல் டிரைவர் சேர்ந்தது, 2021-இல் விஎம்வேரிலும் வந்தது. ஆர்டிஎம்ஏவை விடத் தாமதம் கூடுதல், சிபியுவும் கொஞ்சம் செலவாகும். ஆனால் எந்த ஸ்விட்ச்சிலும், எந்தக் கார்டிலும் ஓடும். 2003-இல் ஐஸ்கஸிக்கு நடந்தது இதற்கும் நடக்கும் என்று நம்புகிறேன்.

ஃபைபர் சேனல் வழி, இருக்கிறவர்களுக்கு மிக வசதியானது. 16 அல்லது 32 ஜிகாபிட் தலைமுறை ஸ்விட்ச்சும் கார்டும் இருந்தால், அதே கேபிளில் ஸ்கஸியும் என்விஎம்இயும் சேர்ந்தே ஓடும். ஒரு சர்வரை இன்று மாற்றலாம், பக்கத்து சர்வரை அடுத்த வருடம் மாற்றலாம்.

புதிய ஸ்டார்ட்அப்புகள் யாரும் ஜெயிக்கவில்லையா?

தனியாக நின்று பெரிதானவர்கள் குறைவு. டிஎஸ்எஸ்டியை இஎம்சி 2014-இல் வாங்கியது. பிசிஐ கேபிளாலேயே 48 சர்வர்களை இணைக்கும் அபார வேகமான பெட்டி. 2016-இல் விற்பனைக்கு வந்தது, இஎம்சியை வாங்கிய டெல் 2017-இல் அதை நிறுத்திவிட்டது. இ8 அமேசானிடம் போனது, எக்ஸெலரோ என்விடியாவிடம், ஃபன்ஜிபிள் மைக்ரோசாஃப்டிடம். இவர்கள் செய்தது கிளவுடுகளுக்குள் போய்விட்டது, நாம் கடையில் வாங்க முடியாது. ஆட்களும் அறிவும் வீணாகவில்லை என்பது உண்மைதான். ஆனால் வெளிச்சந்தையில் போட்டி குறைந்துகொண்டே வருவது எனக்குக் கவலையாகவே இருக்கிறது.

ஃபைபர் சேனல் இப்போது செத்துவிட்டதா, இல்லையா?

இல்லை. 64 ஜிகாபிட் சாதனங்கள் 2020-இலிருந்து விற்பனையில் உள்ளன. புதிதாகக் கட்டுகிறவர்கள் குறைவு, விட்டுவிட்டுப் போகிறவர்களும் குறைவு. பொதுவாக இரண்டு தலைமுறை பின்னோக்கிப் பேசும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம்.

கவலை வேறு இடத்தில். ஸ்விட்ச்சுக்கு பிராட்காம், சிஸ்கோ. கார்டுக்கு பிராட்காம், மார்வெல். 2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரையும் வாங்கி முடித்து, நிரந்தர லைசென்ஸை நிறுத்தி சந்தா முறைக்கு மாற்றியது. மேலே விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் ஹைப்பர்வைசர், நடுவில் ஸ்விட்ச், சர்வரில் கார்டு மூன்றும் ஒரே வீட்டிலிருந்து வரலாம் என்ற நிலை. விலை பேசும்போது இதன் எடை தெரியும். இதனால் விஎம்வேரை விட்டு விலக நினைப்பவர்கள் கூடவே சானையும் மறுபடி யோசிக்கிறார்கள். சான் தேவையே இல்லை என்று வளர்ந்த நூட்டானிக்ஸ்கூட, 2025 மே மாதத்தில் அர்ரே விற்கும் ப்யூர் ஸ்டோரேஜோடு கைகோத்தது. இணைக்கும் கேபிளில் ஓடுவது என்விஎம்இ-டிசிபி.

ஏஐ வந்ததால் ஸ்டோரேஜ் நெட்வொர்க் மாறுமா?

பெரிய ஜிபியு கூடங்களில் மாறிவிட்டது. அங்கே என்விடியாவின் இன்ஃபினிபேண்டுக்கு எதிராக 2023 ஜூலையில் அல்ட்ரா ஈதர்நெட் கூட்டமைப்பு உருவானது. ஏஎம்டி, அரிஸ்டா, பிராட்காம், சிஸ்கோ, இன்டெல், மெட்டா, மைக்ரோசாஃப்ட் எல்லாம் அதில் உண்டு. 2025 ஜூனில் முதல் பதிப்பு வந்தது. பாக்கெட் தொலைந்தாலும் வேகமாகச் சமாளிக்கும்படி போக்குவரத்து முறையையே மாற்றி எழுதியிருக்கிறார்கள். எஃப்சிஓஇ பிடிவாதமாகக் கேட்ட 'தொலையாத ஈதர்நெட்' இதில் கட்டாயம் இல்லை என்பது நல்ல முடிவு. என்விடியாவும் ஸ்பெக்ட்ரம்-எக்ஸ் என்று ஈதர்நெட்டில் ஒரு கால் வைத்திருக்கிறது. சாதாரண அலுவலக டேட்டா சென்டரை இது இப்போதைக்குத் தொடாது.

சரி, நான் இப்போது வாங்கப் போகிறேன். எதை வாங்குவது?

ஃபைபர் சேனல் ஏற்கெனவே ஓடுகிறது, பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்கள் என்றால் அதிலேயே இருங்கள். அடுத்த அர்ரே வாங்கும்போது ஃபைபர் சேனலிலேயே என்விஎம்இயை இயக்கிப் பாருங்கள். சானே இல்லாத புது இடம், 25 ஜிகாபிட் ஈதர்நெட் இருக்கிறது என்றால் என்விஎம்இ-டிசிபி. உங்கள் ஹைப்பர்வைசர் இன்னும் அதை ஆதரிக்காவிட்டால் ஐஸ்கஸியில் தொடங்குங்கள், ஸ்விட்ச்சும் கேபிளும் அப்படியே பின்னால் பயன்படும். ஆனால் ஸ்டோரேஜுக்கென்று இரண்டு தனி ஸ்விட்ச் வைத்துவிடுங்கள், அலுவலக டிராஃபிக்கோடு கலக்காதீர்கள். ராக்கியை, ஸ்விட்ச்சின் நெரிசல் அமைப்புகளை நன்றாக அறிந்த ஒருவர் நிரந்தரமாக உங்களிடம் வேலையில் இருந்தால் மட்டும் எடுங்கள்.

டெண்டரில் போர்ட் லைசென்ஸைக் கவனியுங்கள். 24 போர்ட் ஸ்விட்ச்சில் 8 போர்ட்தான் திறந்திருக்கலாம், மீதிக்குத் தனிக் காசு. போர்ட்டில் கேபிளைச் செருக வேண்டிய எஸ்எஃப்பி மாட்யூல் விலை சேர்ந்திருக்கிறதா, வேறு கம்பெனி மாட்யூல் போட்டால் சப்போர்ட் உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். அர்ரே, கார்டு ஃபர்ம்வேர், ஸ்விட்ச் பதிப்பு, ஆபரேட்டிங் சிஸ்டம் நான்கும் எது எதோடு ஓடும் என்று அர்ரே கம்பெனி தரும் இன்டர்ஆப் பட்டியலில் ஒரே வரியில் வருகின்றனவா என்று பாருங்கள். தனித்தனியாக ஆதரவு இருப்பது போதாது.

பணம் முழுவதும் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை. டேட்டாபேஸ் சுமை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கேபிளைப் பிடுங்குங்கள், இன்னொரு பாதைக்கு மாற எத்தனை நொடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு ஸ்விட்ச்சின் மின்சாரத்தை நிறுத்துங்கள், அதன்பின் அர்ரேவின் ஒரு கன்ட்ரோலரை. கேபிளைத் திரும்பச் செருகியபின் பழைய பாதை தானாக வருகிறதா என்பதையும் பாருங்கள், பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும். இந்தச் சோதனைக்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் ஏற்புச் சான்றிதழில் கையெழுத்துப் போடாதீர்கள்.